பம்பை செட்டுகளுக்கே சொந்தமான இசைத்தளம்: சேலத்தில் கூட்டுறவாகத் தொடங்க முடியுமா?

தொடக்கப் பதிவு: தாரமங்கலம் பம்பை

அனைவருக்கும் வணக்கம். நான் தாரமங்கலம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பம்பை என்ற இரட்டை மேளம் அடிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் செட்டுக்கு (குழுவுக்கு) ஒரு நாள்கூட ஓய்வு இருக்காது. சக்தி அழைப்பு, அலகு குத்துதல், தீமிதி என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்போம். பண்டிகை இல்லாத மாதங்களில் கட்டட வேலைக்கும் விசைத்தறிக்கும் போகிறோம். ஆண்டில் பாதி நாள் மேளத்தைத் துணியில் சுற்றி வைத்திருக்கும் ஆறு குடும்பங்களின் வருமானத்தைப் பற்றித்தான் இங்கே கேட்க வந்திருக்கிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தார் எங்கள் செட்டை அழைத்து, ஒரே பகலில் எட்டுப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். ஆறு பேருக்கும் ஒரு நாள் கூலியும் மதியச் சாப்பாடும் கிடைத்தன. அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாடல்கள் இன்று எல்லா இசைச் செயலிகளிலும் இருக்கின்றன. மினி பேருந்திலும் தேர்த் திருவிழா ஒலிபெருக்கியிலும் நானே கேட்டிருக்கிறேன். அப்பாவின் முதல் நினைவு நாளில், அவருடைய படத்தை வைத்து அதே பதிவுகளில் ஒன்றை எங்கள் சேனலில் ஏற்றினேன். மறுநாளே, இது வேறொருவருக்கு உரிமையான ஒலி என்றும் இதில் வரும் வருமானம் அவர்களுக்கே போகும் என்றும் அறிவிப்பு வந்தது. அப்பா அடித்த அடிக்கு அப்பாவின் பிள்ளைக்கு உரிமை இல்லை என்று ஒரு இயந்திரம் எனக்குச் சொன்னதாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

வெளிநாடுகளில் கலைஞர்களே உறுப்பினர்களாகவும் உரிமையாளர்களாகவும் இருக்கும் ஸ்ட்ரீமிங் தளங்கள் இருக்கின்றன என்று படித்தேன். 2015-இல் தொடங்கிய ரெசனேட் என்ற கூட்டுறவு, ஒரு பாட்டை முதல் முறை கேட்கும்போது மிகச் சிறிய தொகையும் ஒவ்வொரு முறையும் அதைவிட இருமடங்கும் வாங்கி, ஒன்பதாவது முறை கேட்டதும் அந்தப் பாட்டைக் கேட்பவருக்கே சொந்தமாக்கிவிடும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. சேலம், தர்மபுரி, நாமக்கல் பக்கத்துப் பம்பை செட்டுகள், தெருக்கூத்துக் குழுக்கள், மலையில் பாடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அப்படி ஒன்றை நடத்த முடியுமா? வரும் பணத்தில் ஒரு பங்கை முதிய கலைஞர்களுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஒதுக்கவேண்டும் என்பதும் என் விருப்பம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓமலூர் தணிக்கையாளர்

தம்பி, உங்கள் பதிவைப் படித்து வருந்தினேன். நான் கூட்டுறவுத் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இசை எனக்குத் தெரியாது, சங்கம் தெரியும். ஆகவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

கூட்டுறவு என்பது சேலத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைத்தறி நெசவாளர்கள் சங்கம் வைத்து நூல் வாங்கிச் சேலை விற்றதையும், 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் அந்தச் சங்கங்களின் துணிக்குக் கடை விரித்ததையும் நம் பெரியவர்கள் அறிவார்கள். அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு சேகோசர்வ். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக இடைத்தரகரிடம் சரக்கைக் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன விலையை வாங்கிக்கொண்டு, அந்தப் பணமும் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். 1981-இல் சங்கம் அமைத்த பிறகு சரக்கு சங்கத்தின் கிடங்குக்கு வந்தது, எல்லார் கண்முன்னும் விலை கேட்கப்பட்டது, எந்த மூட்டை என்ன விலைக்குப் போனது என்பது எழுத்தில் வந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைக்கிறவர் விலையைக் கண்ணால் பார்த்தார்.

உங்கள் குறையும் அதுதான். உங்கள் பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது, எவ்வளவு வந்தது, யாரிடம் நின்றது என்ற கணக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. செயலி அழகாக இருக்கிறதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்கள் கடை தொடங்கிய காலத்திலிருந்து கூட்டுறவின் அடிப்படை ஒன்றுதான்: பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. செட்டை நடத்தும் வாத்தியாருக்கும் ஒரு வாக்கு, சிலம்பு ஆட்டுகிற பையனுக்கும் ஒரு வாக்கு. இதற்கு உங்கள் செட்டுகளின் வாத்தியார்கள் சம்மதிப்பார்களா என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி மென்பொருள்

பெரிய செயலிகளில் பணம் எப்படிப் பிரிகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன்; இது புரியாமல் மாற்று வழி பேசினால் பயனில்லை.

இரண்டு பேர் மட்டுமே சந்தா கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 100 ரூபாய். நிறுவனம் 30 விழுக்காடு எடுத்துக்கொண்டு 140 ரூபாயை உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறது. முதலாமவர் மாதத்தில் 900 சினிமாப் பாடல்களைக் கேட்கிறார். இரண்டாமவர் பம்பைப் பாடல்களை மட்டும் 100 முறை கேட்கிறார். மொத்தம் 1,000 கேட்புகள் என்பதால் ஒரு கேட்புக்கு 14 காசு வருகிறது. பம்பைக்குக் கிடைப்பது 14 ரூபாய். பம்பையைத் தவிர வேறெதையும் கேட்காத அந்த மனிதர் கட்டிய சந்தாவில் 56 ரூபாய், அவர் கேட்டே இராத பாடல்களுக்குப் போய்விடுகிறது. ஒவ்வொருவர் சந்தாவையும் அவரவர் கேட்ட பாடல்களுக்கே பிரித்தால் பம்பைக்கு 70 ரூபாய் வரும். இந்த இரண்டாவது முறையை 2021-இல் சவுண்ட்கிளவுட் தனிக் கலைஞர்களுக்காக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஸ்பாட்டிஃபை முதல் முறையில்தான் பிரிக்கிறது; அதோடு 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு உரிமைத்தொகை (ராயல்டி) கிடையாது என்றும் வைத்துவிட்டது. நம் ஊர்க் குழுவின் பல பாடல்கள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும்.

தொழில்நுட்பச் செலவைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடப் பாட்டு, கேட்பதற்குப் போதுமான தரத்தில் ஏறத்தாழ 5 எம்பி இடம் பிடிக்கும். ஆயிரம் பாடல்கள் வைத்தாலும் 5 ஜிபி. ஒரு கைப்பேசியின் மூலையில் அடங்கிவிடும். ஃபேர்கேம்ப், ஃபங்க்வேல் போன்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து எளிய தளம் ஒன்றை நானே அமைத்துத் தருகிறேன். செலவு எங்கே வரும் என்றால் ஆளிடம்தான் வரும்: கணக்கு எழுத ஒருவர், பதிவுகளைச் சரிபார்க்க ஒருவர், பணம் வரவில்லை என்று தொலைபேசியில் கேட்கும் உறுப்பினருக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஒருவர்.

செவ்வாய்ப்பேட்டை

நான் கடை வைத்திருப்பவன்; மேளக்காரர்கள்மீது மரியாதை உள்ளவன். எனினும் என் ஐயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கைப்பேசியில் காசில்லாமல் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது, பம்பைப் பாட்டுக்கென்று தனியாக ஒரு செயலியை இறக்கி, மாதம் 50 ரூபாய் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? வெளிநாட்டிலேயே இவை நிலைத்தனவா? இன்னொன்று, தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த கூட்டுறவுச் சங்கங்களை நாம் பார்த்திருக்கிறோம். கலைஞர்களையும் அந்த வலையில் கொண்டுபோய் மாட்டிவிட வேண்டாம்.

அஸ்தம்பட்டி மென்பொருள்

அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன். பலவும் தடுமாறியிருக்கின்றன. அமெரிக்காவில் கலைஞர்களும் பணியாளர்களும் சேர்ந்து நடத்திய ஆம்பிள்டு என்ற கூட்டுறவு 2023-இல் மூடப்பட்டது. ரெசனேட்டும் பெரிய செயலிகளோடு போட்டி போடும் அளவுக்கு வளரவில்லை.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பேண்ட்கேம்ப் கூட்டுறவு அல்ல, தனியார் நிறுவனம். எனினும் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கலைஞரிடம் கொடுத்ததால் நல்ல பெயர் வாங்கியிருந்தது. 2022-இல் அதை ஒரு வீடியோ விளையாட்டு நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டே வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. அந்தக் கைமாற்றத்தில் ஏறத்தாழ பாதிப் பணியாளர்கள் வேலையிழந்தார்கள். அங்கே பாட்டு வைத்திருந்த லட்சக்கணக்கான கலைஞர்களில் ஒருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனெனில் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை. அந்த அதிர்ச்சியில்தான் சப்வெர்ட் என்ற உறுப்பினர் உடைமைத் தளத்துக்கான முயற்சி 2024-இல் எழுந்தது. கூட்டுறவு நலிந்து போகலாம். உறுப்பினருக்குத் தெரியாமல் விலை போகாது.

நிலைத்து நிற்கிற ஒரு முயற்சியும் உண்டு. சிகாகோவைச் சேர்ந்த கென் வாண்டர்மார்க் முதலான இசைக்கலைஞர்கள், முப்பது பேர் அளவில் சேர்ந்து, கேட்டலிடிக் சவுண்ட் என்ற கூட்டுறவை நடத்துகிறார்கள். அவர்கள் 2021-இல் தொடங்கிய ஸ்ட்ரீமிங்கில் உலகத்துப் பாட்டையெல்லாம் அடைக்க முயலவில்லை. தங்கள் தொகுப்புகளில் சிலவற்றை மட்டும் சுழற்சி முறையில் வைக்கிறார்கள்; அந்த இசையை விரும்புகிறவர்கள் சந்தா கட்டுகிறார்கள். பத்துக் கோடிப் பாடல்கள் உள்ள செயலியோடு மல்லுக்கட்டினால் நாம் தோற்போம். பம்பை கேட்க வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும் என்ற நிலையை உண்டாக்கினால் போதும்.

செவ்வாய்ப்பேட்டை

விலை போகாது என்ற வார்த்தையை ஏற்கிறேன். கேட்பவர் எண்ணிக்கை பற்றிய ஐயம் இன்னும் இருக்கிறது.

சேலம் நீதிமன்ற வழக்கறிஞர்

நாட்டுப்புறக் கலைஞர்கள் சிலருடைய உரிமை வழக்குகளில் உதவியிருக்கிறேன். தாரமங்கலம் தம்பி சொன்ன அந்தத் தாளைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது. பொதுவான சட்டநிலையை மட்டும் சொல்கிறேன். ஒரே பாட்டில் மூன்று வேறு உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்பதைக் கலைஞர்கள் பலரும் அறியாததால்தான் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் இழக்கிறார்கள்.

ஒலிப்பதிவின் உரிமை, அந்தப் பதிவைச் செய்ய முன்வந்து பொறுப்பேற்ற தயாரிப்பாளருக்குச் சொந்தம். வெளியிட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது அவரிடம் இருக்கும். உங்கள் பதிவுக்கு அந்தக் கூடத்தார் செலவு செய்து பொறுப்பேற்றார்கள் என்றால், அந்தக் குறிப்பிட்ட பதிவில் அவர்கள் உரிமை கொண்டாடுவது சட்டப்படி வலுவானதே. இதைக் கேட்க உங்களுக்குக் கசப்பாக இருக்கும். ஆயினும் மறைக்கக் கூடாது. இரண்டாவது, பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை. உங்கள் அப்பா தாமே கட்டிய பாட்டாக இருந்தால் அது அவருடையது, இப்போது வாரிசுகளுடையது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமைத்தொகைப் பங்கை, தாமே எழுதிக்கொடுத்தாலும், தயாரிப்பாளரிடம் விட்டுக்கொடுக்க முடியாது என்று சேர்க்கப்பட்டது. இந்தித் திரைப்படப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்துகொண்டு அதற்காக உழைத்தார். உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. மூன்றாவது, வாசித்தவருக்கும் பாடியவருக்கும் உள்ள நிகழ்த்துநர் உரிமை. 50 ஆண்டுகள் செல்லும். அவருடைய நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்படும்போது உரிமைத்தொகை கேட்கும் தகுதி அவருக்கு உண்டு.

ஆகவே செய்யவேண்டியது என்னவென்றால், அந்த எட்டுப் பாடல்களை மறுபடியும் பதிவு செய்யுங்கள். வரியும் மெட்டும் உங்களுடையதாகவோ ஊர்ப் பொதுவாகவோ இருந்தால் தடுக்க ஒருவருக்கும் உரிமையில்லை. ஆனால் இந்த முறை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகையை நீங்கள் கட்டி, பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் வாங்குங்கள். நீங்கள்தான் தயாரிப்பாளர் என்பதற்கு அந்தச் சீட்டு சான்றாக இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 குறிகள் கொண்ட அடையாள எண்ணையும் வாங்கிவிட்டால் நாளைக்கு எந்தச் செயலியில் ஓடினாலும் அடையாளம் தொலையாது.

கூட்டுறவுக்கும் ஓர் எச்சரிக்கை. பலருடைய படைப்புகளுக்கு வெளியாருக்கு உரிமம் வழங்கும் தொழிலை, பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கம்தான் நடத்தலாம். உரிமையாளர் தம் படைப்புக்குத் தாமே உரிமம் தருவதற்குத் தடையில்லை. ஆகவே உங்கள் சங்கம் உறுப்பினரிடமிருந்து, தன் தளத்தில் மட்டும் ஒலிபரப்பும் அனுமதியை, பிறருக்குத் தரக்கூடாது என்ற தடை இல்லாமல், குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கிக்கொள்ளட்டும். பதிவின் உரிமை கலைஞரிடமே இருக்கட்டும். விலக நினைக்கும் உறுப்பினர் தம் பாட்டை எடுத்துக்கொண்டு போகக்கூடிய சங்கம்தான் உறுப்பினரைச் சரியாக நடத்தும்.

தாரமங்கலம் பம்பை

அம்மா, இப்படி ஒருவரும் எனக்குப் பிரித்துச் சொன்னதில்லை. எட்டுப் பாடல்களில் ஐந்து அப்பா கட்டியவை. மூன்று ஊரில் வழிவழியாகப் பாடுபவை. தாளின் நகல் சித்தப்பா பெட்டியில் இருக்கிறது. அதில் காலம் எழுதியிருக்கிறதா என்று இன்று இரவே பார்க்கிறேன்.

ஏற்காட்டு ஆசிரியை

நான் ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் ஆசிரியராக இருக்கிறேன். மலையாளி என்று அழைக்கப்படும் மலைப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவள். இந்த இழையில் மலையில் பாடுகிறவர்களையும் சேர்க்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் பாடல்களை யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நடவுக்கும், சாமை அறுப்புக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. பாடும் பெண்ணைப் பொறுத்து வரி கூடும், குறையும். வழக்கறிஞர் அம்மா சொன்ன மூன்று உரிமைகளில் இரண்டாவதற்கு எங்களிடம் பெயர் இல்லை. அப்படியானால் முதலில் கருவியோடு மலையேறி வந்து பதிவு செய்தவரே உரிமையாளர் ஆகிவிடுகிறார். நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்கூட, பாடிய பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் ‘மலைவாழ் மக்கள் பாடல்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் தொடங்கும் சங்கமும் அதே தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகவே கடுமையாகச் சொல்கிறேன்.

சில பாடல்கள் தளத்துக்கு வரவே கூடாது. சேர்வராயன் கோயில் திருவிழாவில், அந்த இடத்தில், அந்த நேரத்தில் பாடுவதற்கென்றே உள்ளவை அவை. கைப்பேசியில் எந்நேரமும் ஒலிக்கும்படி அவற்றை வைப்பதற்கு எங்கள் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். நடவுப் பாட்டும் தாலாட்டும் வரலாம். எது வரலாம், எது கூடாது என்பதை ஊர்க்கூட்டம் சொல்லவேண்டும். ஆளுக்கு ஒரு வாக்கு நல்லதுதான், ஆனால் சமவெளியில் நானூறு உறுப்பினரும் மலையில் நாற்பது உறுப்பினரும் இருந்தால், எங்கள் பாட்டைப் பற்றிய முடிவில் நாங்கள் எப்போதும் தோற்றுக்கொண்டிருப்போம்.

ஓமலூர் தணிக்கையாளர்

அம்மா சொன்னதற்குத் தலைவணங்குகிறேன். நான் எண்ணிப் பார்க்காத இடம் இது. மலைப் பாடல்கள் தொடர்பான எந்த முடிவும் மலை உறுப்பினர்கள் தனியே கூடிச் சம்மதித்தால் அன்றிச் செல்லாது என்று சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதியிலேயே எழுதலாம். பின்னால் பெரும்பான்மை பார்த்து மாற்ற முடியாதபடி அந்த விதியை மாற்றுவதற்கும் அவர்களுடைய சம்மதம் தேவை என்று சேர்த்துவிட வேண்டும். பதிவாளர் ஏற்கும்படியான சொற்களில் அதை எழுத நான் உதவுகிறேன்.

இப்போது தம்பி கேட்ட சமூக நலப் பங்குக்கு வருகிறேன். எவ்வளவு ஒதுக்க நினைத்தீர்கள்?

தாரமங்கலம் பம்பை

வரும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன் ஐயா. கேட்கிறவர்களுக்கும் அது ஒரு பிடிப்பாக இருக்கும். நல்ல காரியத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் சந்தா கட்டுவார்கள்.

ஆத்தூர் உடுக்கை வீடு

நான் இங்கே வழக்கமாக எழுதுவதில்லை; மகள் தட்டச்சு செய்து தருகிறாள். என் வீட்டுக்காரர் நாற்பது ஆண்டு உடுக்கை அடித்தவர். இப்போது கை நடுங்குகிறது. சமூக நலத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று தம்பி சொல்கிறார். அந்தச் சமூகம் நாங்கள்தானே தம்பி? அவருக்கு வரவேண்டிய கூலியில் ஐந்தில் ஒன்றை எடுத்து, அதையே உதவித்தொகை என்று பெயர் வைத்து, மேடையில் சால்வை போட்டு அவரிடம் கொடுக்க வேண்டாம். கூலியைக் கூலியாகவே கொடுங்கள்.

ஓமலூர் தணிக்கையாளர்

இந்த அம்மா சொன்னதையே நான் சட்டமொழியில் சொல்ல வந்தேன். அவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். முதலில் பாட்டுக்குரிய பங்கு, பிறகு பணியாளர் சம்பளமும் நடைமுறைச் செலவும், ஆண்டு முடிவில் மிஞ்சுவதுதான் சங்கத்தின் லாபம். அந்த லாபத்தில் சேமநிதிக்குப் போனது போக மீதியில் பிள்ளைகள் படிப்புக்கு எவ்வளவு, முதியோருக்கு எவ்வளவு என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். லாபமே இல்லாத ஆண்டில் நலநிதிக்கும் ஒன்றும் போகாது. அதை மறைக்காமல் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும்.

அஸ்தம்பட்டி மென்பொருள்

இதற்கு ஒரு முன்னுதாரணம் நினைவுக்கு வருகிறது. 2020-இல் கொரோனா வந்து கச்சேரிகள் நின்றபோது, பேண்ட்கேம்ப் சில வெள்ளிக்கிழமைகளில் தன் 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளாமல் கலைஞருக்கே விட்டது. அதே ஆண்டு ஜூன் 19 அன்று, விற்பனையில் தனக்கு வந்த பங்கு முழுவதையும் கறுப்பின மக்களின் சட்ட உரிமைக்காக வாதாடும் அமைப்புக்குக் கொடுத்தது. இரண்டு முறையும் விட்டுக்கொடுத்தது தளத்தின் பங்கை. கலைஞரின் பங்கில் கை வைக்கவில்லை. நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். கேட்பவர் விரும்பினால் சந்தாவுக்கு மேல் தனியாக ஒரு தொகை செலுத்த, தளத்தில் இன்னொரு பெட்டி வைத்துவிடுகிறேன். அது நேராக நலநிதிக்குப் போகும், பாட்டுக் கணக்கோடு கலக்காது.

தாரமங்கலம் பம்பை

ஆத்தூர் அம்மா சொன்னதைப் பத்து முறை படித்தேன். ஐந்தில் ஒரு பங்கு என்ற என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். என் அம்மாவிடம் சொன்னபோது அவரும் இதையேதான் சொன்னார்.

நூலகத்தில் பணியாற்றுபவர்

செவ்வாய்ப்பேட்டை அண்ணனின் கேள்வி, கேட்பவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது, இன்னும் விடையில்லாமல் நிற்கிறது. எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. அமெரிக்காவின் அயோவா நகரப் பொது நூலகம் 2012-இல் உள்ளூர் இசைக்குழுக்களிடம் ஒரு தொகுப்புக்கு 100 டாலர் கொடுத்து, இரண்டு ஆண்டுகளுக்குத் தன் உறுப்பினர்கள் இலவசமாகக் கேட்கவும் இறக்கிக்கொள்ளவும் உரிமை வாங்கியது. வேறு சில நகர நூலகங்களும் அந்த வழியைப் பின்பற்றின. எத்தனை பேர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கலைஞருக்குத் தொகை முன்கூட்டியே வந்துவிடும். நூலகம் புத்தகம் வாங்குவதைப்போலவே இது.

உங்கள் சங்கமும் தனி மனிதர்களின் சந்தாவை மட்டும் நம்பாமல், நூலகங்கள், பள்ளிகள், கல்லூரித் தமிழ்த்துறைகள், கோயில் விழாக் குழுக்கள் ஆகியவற்றிடம் ஆண்டு உரிமமாகக் கேட்கலாம். வழக்கறிஞர் அம்மா சொன்ன தடைக்குள் வராதபடி, ஒவ்வொரு செட்டும் தன் பெயரிலேயே உரிமம் தருவதாகத் தாள் தயாரித்து, சங்கம் எழுத்து வேலையை மட்டும் செய்யலாம்.

செவ்வாய்ப்பேட்டை

இது எனக்குப் புரிகிற வியாபாரம். எங்கள் வீதிப் பண்டிகைக் குழு ஆடியில் ஒலிபெருக்கிக்கு எவ்வளவு செலவு செய்கிறது என்று எனக்குத் தெரியும். ஓடும் பாட்டுக்கு ஒரு காசு கொடுத்ததில்லை. கொடுக்கவேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை. நீங்கள் பற்றுச்சீட்டோடு வந்து கேளுங்கள், குழுவில் நான் பேசி வாங்கித் தருகிறேன். ஒரு குழு கொடுத்தால் அடுத்த வீதியும் கொடுக்கும்.

சேலம் நீதிமன்ற வழக்கறிஞர்

அந்தத் தாளில் என்ன இருந்தது?

தாரமங்கலம் பம்பை

அம்மா, காலமும் இல்லை, இடமும் இல்லை. ‘எட்டுப் பாடல்களுக்கான தொகை பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரியும் அப்பாவின் கையெழுத்தும் மட்டுமே இருக்கின்றன. நகலோடு உங்களை வந்து பார்க்கிறேன். பழைய பதிவு எப்படியாவது போகட்டும். மறுபதிவுக்கு நாள் பார்த்துவிட்டோம். ஆடி முடிந்து ஆவணியில் முதல் முகூர்த்தம் ஓய்ந்ததும் ஆறு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகையைக் கட்டுகிறோம். பற்றுச்சீட்டில் ஒருவர் பெயர் போதாது, ஆறு பெயரும் வேண்டும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

அதற்குள் எங்களுக்குத் தெரிந்த மற்றச் செட்டுகளிடம் இந்த இழையை அச்செடுத்துக் கொடுக்கிறேன். கைப்பேசியில் இவ்வளவு நீளம் படிக்க மாட்டார்கள். ஏற்காட்டு ஆசிரியை அம்மா மலையில் பேசிவிட்டுச் சொல்லும்வரை அவர்கள் பாடல்களைப் பற்றி நாங்கள் எதுவும் முடிவு செய்யப்போவதில்லை. வாத்தியாருக்கும் சிலம்புப் பையனுக்கும் ஒரே வாக்கு என்பதில் எங்கள் செட்டுக்குள்ளேயே இன்னும் பேச்சு நடக்கிறது. பணம் பிரிப்பதில் வாத்தியாருக்கு ஒன்றரைப் பங்கு என்ற பழைய வழக்கம் தொடரட்டும், வாக்கு மட்டும் சமமாக இருக்கட்டும் என்று கேட்கிறார்கள். ஓமலூர் ஐயா, இது துணைவிதிக்கு ஒத்துவருமா?

ஓமலூர் தணிக்கையாளர்

ஒத்துவரும் தம்பி. செட்டுக்குள் பங்கு பிரிப்பது உங்கள் வழக்கம். சங்கம் அதில் தலையிடாது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பே எழுதி, ஆறு பேரும் கையெழுத்திட்டுச் சங்கத்தில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். ஒருவர் இல்லாமல் போனால் அவர் பங்கு யாருக்கு என்பதற்கும் அதே தாளில் ஓர் இடம் விடுங்கள்.

தாரமங்கலம் பம்பை

அப்பா கட்டிய ஐந்து பாடல்களுக்கு, பாட்டுக் கட்டியவர் பங்கு என்று தனியாக ஒரு வரி எழுதி, அதற்கு நேரே அம்மாவின் பெயரைப் போட்டிருக்கிறோம் ஐயா. மற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.